காலியாக இருந்த தீவனத் தொட்டி

நவம்பர் 30, 2025, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரக் காத்திருப்பான திருவருகைக்காலம் தொடங்கிவிட்டது. பினாங்கு சாலையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் முதல் ஊதா மெழுகுதிரி ஏற்றப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்து, மாலையில் வீட்டில் குடில் கட்டினோம். பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் தாத்தா எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டதால், நாம் மட்டும் ஏன் இன்னும் காத்திருக்கிறோம் என்பது ஐந்து வயது மகளுக்கு விளங்கவில்லை. மரியாள், சூசையப்பர், இடையர்கள், ஒரு காது உடைந்த கழுதை என எல்லாரும் இடம் பிடித்த பிறகும் தீவனத் தொட்டி வெறுமையாகவே இருப்பதைக் கண்டு, "பாப்பா இயேசு எங்கம்மா?" என்று கேட்டாள். இன்னும் பிறக்கவில்லை என்றேன். குழந்தைச் சொரூபத்தை, அத்தையின் வழக்கப்படி, பழைய கைக்குட்டையில் சுற்றி ஒளித்துவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

இன்று சவேரியார் திருநாள். மகள் செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் தொட்டியில் ஒரு வைக்கோல் தாள் வைக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வைக்கோலுக்கு எங்கே போவது என்று யோசிக்கவில்லை. அத்தை பக்கத்து மாநிலமான கெடாவில் சிறுமியாக இருந்த காலத்தில் அறுவடை முடிந்த வயலில் வேண்டிய மட்டும் அள்ளி வருவார்களாம். ஜெலுத்தோங்கில் எட்டாவது மாடியில் வசிக்கும் நான், செல்லப்பிராணிக் கடையில் முயலுக்குப் போடும் காய்ந்த புல்லை ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோவில் அமைத்த குடிலில் மெய்யான வைக்கோலும் மாடும் கழுதையும் இருந்தனவாம். எங்கள் புல்லும் மெய்யானதுதான். வீடு முழுக்கத் தும்மல்.

டிசம்பர் 13, சனி

அச்சு முறுக்கு நாள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி எல்லாம் அத்தையின் கைக்கணக்கு. அதில் நான் தலையிடுவதில்லை. அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் பங்கு மட்டும் அமிழ்த்த வேண்டும். மேல்விளிம்பு வரை முக்கிவிட்டால் மாவு அச்சைச் சுற்றிப் பூட்டிக்கொண்டு கழலவே கழலாது. நான் முக்கிய முதல் நான்கும் அப்படித்தான் ஆயின. அத்தை ஒன்றும் சொல்லாமல் அச்சைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டு மலாய் அம்மாள் மக்சிக் வாசனை பிடித்து எட்டிப் பார்த்து, ஹரி ராயா பெருநாளுக்குத் தாம் சுடும் குவே ரோஸ்தான் இது என்று சிரித்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுதிரி. ஒரு வாரமாக மகள் குழந்தை இயேசுவைப் பற்றிக் கேட்கவே இல்லை. காத்திருக்கக் கற்றுக்கொண்டாள் என்று அவள் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். தொட்டியில் புல் மட்டும் சேர்ந்தபாடில்லை; அவள் செய்த நற்செயல்களை நினைத்தால் இந்நேரம் அது நிரம்பியிருக்க வேண்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

திருப்பலிக்குப் பிறகு ஃபார்குவார் தெருவிலுள்ள விண்ணேற்பு ஆலயம் வரை நடந்தோம். ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இந்தப் பினாங்குத் தீவில் இறங்கிய 1786-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய பங்கு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தது அவள் காதில் ஏறவில்லை. "இவங்க எங்கே ஒளிச்சு வச்சிருப்பாங்க?" என்பதுதான் அவள் கேள்வி.

டிசம்பர் 25, வியாழன், விடியற்காலை

திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் பாடப்படாதிருந்த வானவர் கீதம் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலியில் மணியோசையோடு திரும்பி ஒலித்தபோது, தோளில் சாய்ந்திருந்தவள் திடுக்கிட்டு விழித்தாள். அருள்தந்தை சொரூபத்தை ஏந்திச் சென்று குடிலில் கிடத்துவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். வீடு திரும்பியதும் எங்கள் குழந்தையை எடுக்க அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டால், அங்கே இல்லை. தூசி தட்டும்போது எங்கோ மாற்றி வைத்ததாக அத்தைக்கு நினைவு. எங்கே என்பது மட்டும் நினைவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு மூன்று பெரியவர்களும் இழுப்பறைகளைக் குடைந்துகொண்டிருக்க, மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தையல் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பிரித்தபோது, குழந்தையின் முதுகுக்கடியில் முயல் புல் தடிமனாகப் பரப்பியிருந்தது.

"அங்கே கெட்டியா இருந்துச்சு, பாட்டி" என்றாள்.