பழைய புல்லட் இன்ஜினில் மரை போனால்

1950-களின் நடுவில் திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கியபோது வடிவமைப்பு இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்தது. போல்ட்டுகளும் அந்த ஊர்க் கணக்குதான்: விட்வொர்த், பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் நுண்மரை), அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் திரெட். பிற்பாடு சில இடங்களில் மெட்ரிக்கும் புகுந்தது. காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் (சிலிண்டர்தான் வார்ப்பிரும்பு, கிராங்க் கேஸும் ஹெட்டும் அலுமினியம்) பிரித்தால் ஒரே இன்ஜினில் இரண்டு மூன்று வகை மரைகள் இருப்பது அதனால்தான். மரை போனால் வண்டியின் வயதைக் காரணம் சொல்வார்கள். பல நேரம் உண்மையான காரணம், முன்பு யாரோ கையில் கிடைத்த மெட்ரிக் போல்ட்டைப் போட்டு முறுக்கியதுதான்.

கால் அங்குல பிஎஸ்எஃப் துளையைப் பாருங்கள். விட்டம் 6.35 மி.மீ., பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி) 0.977 மி.மீ. 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டான எம் 6-இன் பிட்ச் 1 மி.மீ. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் போல்ட் கையாலேயே இறங்கிவிடும், பிடித்தது போலவும் தெரியும். ஆனால் விட்டம் குறைவு. மரையின் கோணமும் வேறு: பிஎஸ்எஃப் 55 டிகிரி, மெட்ரிக் 60 டிகிரி. பல்லோடு பல் முழுதாகக் கோர்க்காததால் இறுக்கும்போது அலுமினியத்தைச் சீவிக்கொண்டு வந்துவிடும். 5/16 பிஎஸ்எஃப்பில் கதை வேறு. அதன் பிட்ச் 1.155, எம் 8-இன் பிட்ச் 1.25. இரண்டு சுற்று போய் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பேனரில் பலம் கொடுத்தால் போல்ட் தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும். ஆகவே ட்ரில்லைத் தொடுவதற்கு முன் வெர்னியரும் பிட்ச் கேஜும் எடுங்கள். போல்ட்டை மட்டும் அளந்தால் போதாது, அதுவே தவறான போல்ட்டாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கெடாத துளையையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து துளையின் ஆழம். அலுமினியத்தில் போல்ட் தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். குட்டையான போல்ட் போட்டு மேல் நான்கு மரை மட்டும் போயிருந்தால், அடியில் நல்ல மரை மிச்சமிருக்கும். நீளமான போல்ட்டோ ஸ்டட்டோ (தலையில்லாத போல்ட்) போட்டாலே வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் நேராக ட்ரில் எடுப்பது வீண் சேதம்.

மரை முழுதும் போயிருந்தால் ஹெலிகாயில், அதாவது துளையைப் பெரிதாக்கி உள்ளே திருகும் கம்பிச் சுருள் மரை. பழைய அளவிலேயே போடுங்கள். பிஎஸ்எஃப்புக்கும் சைக்கிள் திரெட்டுக்கும் கிட் கிடைக்கிறது. மெட்ரிக்குக்கு மாற்றினால் அடுத்துப் பிரிப்பவர் மறுபடி குழம்புவார். துளை முதலிலேயே மெட்ரிக் என்றால் எம் 6-க்கு 6.3 மி.மீ., எம் 8-க்கு 8.3 மி.மீ. ட்ரில். அங்குல அளவுகளுக்குக் கிட்டில் குறித்த அளவையே நம்புங்கள். ட்ரில்லில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராங்க் கேஸின் சுவர் சில இடங்களில் மெல்லியது. துளை சாய்ந்தால் பிறகு எதுவும் உதவாது. பில்லர் ட்ரில்லில் ஏற்ற முடியாவிட்டால், லேத்தில் நேராகத் துளைத்த இரும்புக் கட்டையைக் கேஸ்கெட் பரப்பில் வைத்து கைடாகப் பயன்படுத்துங்கள். டாப் (மரை வெட்டும் கருவி) போடும்போது மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சீவலை முழுதும் எடுத்தபின் சுருளை மேல்பரப்புக்குக் கீழே கால் முதல் அரை பிட்ச் வரை இறக்கி, அடியில் உள்ள நாக்கை பன்ச்சால் உடைத்து வெளியே எடுக்கவும். உள்ளே விழுந்த நாக்கு ஆயில் பம்ப்புக்குப் போனால் இன்னொரு ரிப்பேர்.

ஸ்பார்க் பிளக் துளைக்கு ஹெலிகாயிலைவிட முழு புஷ்தான் (உள்ளும் புறமும் மரை வெட்டிய உலோகக் குழல்) சரி என்பது என் கருத்து. அடிக்கடி கழற்றும் இடம் என்பதால், பிளக்கில் கரி பிடித்தால் சுருளும் கூடவே வந்துவிடும். வெளியே எம் 18×1.5, உள்ளே எம் 14×1.25 என்று புஷ் கடைந்தால் நடுவே ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாகச் சுவர் நிற்கும், அது போதும். ஹெட்டைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். புஷ்ஷின் அடி, எரிஅறையின் பரப்போடு சமமாக முடிய வேண்டும். வெளியே நீட்டினால் அந்த முனை பழுத்துச் சிவந்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றும். உள்ளே அடங்கினால் பிளக்கின் மரை எரிஅறையில் நீண்டு கரி பிடிக்கும், அடுத்த முறை கழற்றும்போது புதிய மரையையும் கிழிக்கும். பிளக்கின் மரை நீளத்தை அளந்து புஷ் கடையச் சொல்லுங்கள்.

ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றுவதும், துளையில் எபாக்சி பசை நிரப்பி போல்ட்டை நடுவதும் வேண்டாம். டேப்பின் துணுக்கு ஆயில் வழியை அடைக்கலாம். பசை, சூட்டிலும் அதிர்விலும் விட்டுவிடும். அதன்பின் டாப் போடவும் துளை சுத்தமாக இருக்காது.

மூடிய துளைகளில் போல்ட் போடும் முன் அடியில் தேங்கிய ஆயிலைக் காற்றடித்து எடுத்துவிடுங்கள். ஆயில் அமுங்காது. இறங்கும் போல்ட் அதை அழுத்த, வார்ப்பே விரிசல் விடும். எம் 6 போல்ட்டுக்கு அலுமினியத்தில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். புதிய வாஷர் உள்ள ஸ்பார்க் பிளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, ஸ்பேனரால் அரைச் சுற்று.