வெலிங்டன் காத்திருந்த கோட்டை

மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்த காலையில் மாமாவும் நானும் திருகோணமலை பிரட்ரிக் கோட்டை வாசலில் நின்றோம். அந்த வாசலால் நுழைகிறவர்கள் பெரும்பாலும் கோணேசரைக் கும்பிடத்தான் போகிறார்கள். நாங்களும் கும்பிட்டோம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நான் பஸ் ஏறியது, கோட்டைக்குள் இருக்கும் ஒரு பழைய வீட்டைப் பார்க்க.

ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியதாகச் சொல்லப்படும் வீடு அது. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்து, 1828இல் பிரித்தானியப் பிரதமரான அதே வெலிங்டன். 1800 டிசம்பரில் இங்கு வந்தபோது அவர் 31 வயதுக் கேணல். போன வருடம் திப்பு சுல்தானின் தலைநகராயிருந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய தடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து திருகோணமலை என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. இங்கே அவர் சண்டை எதுவும் போடவில்லை. அதனால் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைப்பது பெரிய பிழை.

கடல் கடந்து போகும் படைக்குக் கப்பலும் உணவும் சேர்ப்பதுதான் இங்கே அவருக்கு வேலை. முதலில் மொரீசியஸ் என்றார்கள், பிறகு பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), கடைசியில் எகிப்து. எல்லாம் கூடிவந்த நேரத்தில் தலைமை அவரைவிட மூத்த அதிகாரியான பெயார்டிடம் போனது. அப்படி முடிவெடுத்தவர் இந்தியாவில் பிரித்தானியக் கவர்னர் ஜெனரலாக இருந்த அவருடைய சொந்தத் தமையன்! வெல்லெஸ்லி 1801 பெப்ரவரியில் பம்பாய்க்குக் கப்பலேறினார். அங்கே காய்ச்சலில் விழுந்ததால் எகிப்துக்கும் போகவில்லை.

வீட்டை வெளியே நின்றுதான் பார்த்தோம். ஈரப் புல்லில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கோ வீட்டைவிட மதில்தான் கனத்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இங்கே கோட்டை எழுப்பினார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டை மீனை இன்றும் காணலாம். வெல்லெஸ்லி வந்தபோது குன்றின்மேல் கோவில் இல்லை. தன் கவலையோடு இந்த வாசலைக் கடந்தவருக்கு அந்த மீன்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

குன்றின் பாறைப் பிளவான இராவணன் வெட்டருகே காற்று ஆளைத் தள்ளியது. கீழே வாடைக்காலக் கடல் பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறியது. இப்படிப்பட்ட மாதங்களில்தான் அவரும் இங்கே கடலைப் பார்த்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மாமா அந்த வீட்டின் முன் மறுபடியும் நின்றார்.

"தம்பி, சொந்தத் தமையனா அப்படிச் செய்தான்?"

"ஓம் மாமா."

அவர் குடையை மடக்கிவிட்டு இன்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றார்.