வங்கதேசமும் காபந்து அரசும்

வங்கதேசம் என்றாலே 1971, முஜிப், இந்திரா காந்தி என்பதோடு நம் ஆட்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கப்புறம்தான் கதையே இருக்கிறது. விடுதலைக்குத் தலைமை தாங்கிய முஜிபே 1975 ஜனவரியில் நாட்டை ஒரே கட்சி ஆட்சிக்குக் கொண்டுபோனார், ஆகஸ்டில் சொந்த வீட்டிலேயே குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 1981இல் அதிபர் ஜியாவுர் ரஹ்மான் கொலை. அடுத்த வருடமே ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைப் பிடித்தார். அவரை 1990 டிசம்பரில் இறக்க, ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாத முஜிபின் மகள் ஹசீனாவும் ஜியாவுர் ரஹ்மானின் மனைவி காலிதா ஜியாவும் ஒரே பக்கம் நிற்க வேண்டியிருந்தது.

எனக்கு இதில் சுவாரசியமே காபந்து அரசுதான். ஆளுங்கட்சி தேர்தல் நடத்தினால் யாரும் நம்பப்போவதில்லை என்று 1996இல் அரசமைப்பையே திருத்தி, கடைசியாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி பொறுப்பேற்று 90 நாளுக்குள் தேர்தலை நடத்தித் தரட்டும் என்று வைத்தார்கள். எவ்வளவு அவநம்பிக்கை பாருங்கள்! சரி, அதையாவது விட்டுவைத்தார்களா? 2004இல் காலிதா அரசு நீதிபதிகளின் ஓய்வு வயதை 65லிருந்து 67 ஆக்கியது. தேர்தல் நேரத்தில் தங்களுக்கு வேண்டியவரே கடைசியாக ஓய்வுபெற்றவராக இருந்து காபந்து நாற்காலியில் உட்காரட்டும் என்றுதான் இது என்று ஹசீனாவின் கட்சியான அவாமி லீக் கொதித்தது. தெருவில் ரத்தம் ஓடி, 2007 ஜனவரியில் ராணுவத்தின் தயவில் வந்த காபந்து அரசு அந்த 90 நாளைக் கிட்டத்தட்ட இரண்டு வருடமாக இழுத்தது. 2011இல் பிரதமராக இருந்த ஹசீனா இந்தக் காபந்து ஏற்பாட்டையே தூக்கிவிட்டார், ஒரு காலத்தில் அதற்காகத் தெருவில் இறங்கியவரே அவர்தான். 2014 தேர்தலில் 300 இடங்களில் 153இல் போட்டியே கிடையாது, ஓட்டுப்பெட்டியைத் திறக்காமலே பெரும்பான்மை. 2024 ஆகஸ்டில் அவர் நாட்டைவிட்டுப் போனதற்கு அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்த மாணவர் போராட்டத்தை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்த 153ஐ மறந்துவிடுகிறார்கள்.