2,500 சொல் கட்டுரைக்குத் திட்டம் போட்ட கதை

இரண்டாம் ஆண்டில் நகர வரலாறு பாடத்துக்கு ஓர் இடுபணி. 2,500 சொல், மலேசியாவின் பினாங்கில் இருக்கும் ஜார்ஜ்டவுனைப் பற்றி இருக்க வேண்டும், தலைப்பு நம் இஷ்டம். தலைப்பைக் கொடுத்துவிட்டால் திட்டிக்கொண்டேயாவது எழுதிவிடலாம், இப்படி அவிழ்த்துவிட்டால்தான் தலைவலி. "பினாங்குத் தமிழர் வரலாறு" என்று எழுதிக் கொடுத்தவர்களிடம், இது கட்டுரை இல்லை, நாலு புத்தகம் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார் விரிவுரையாளர்.

நான் ஒரு தெருவையும் ஒரு சட்டத்தையும் எடுத்துக்கொண்டேன். தெரு, லிட்டில் இந்தியாவில் இருக்கும் லெபு பசார். சட்டம், 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். போருக்கு முந்தைய பழைய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் நினைத்தபடி ஏற்ற முடியாமல் பிடித்து வைத்திருந்தது அதுதான். 1997இல் அதை ரத்து செய்து, 1999 முடிய அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி முதல் வாடகையை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். கீழே கடையும் மாடியில் குடியிருப்புமாகப் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் ஏறியது வேறு.

தலைப்பு வந்த கையோடு நூலகத்துக்குப் போகவில்லை. முதலில் கேள்வியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன்: சட்டம் போனபின் லெபு பசாரில் எந்த மாதிரிக் கடைகள் மூடின, எவை நின்றன, ஏன்? இதற்குப் பதில் சொல்ல உதவாதது எதுவும் கட்டுரைக்குள் வராது என்று முடிவு. சொல்வது சுலபம். லெபு குவீன் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழும்பியது, அதைப் பற்றிப் படித்ததெல்லாம் அவ்வளவு சுவையாக இருந்தது, ஆனால் என் கேள்விக்கு அது வேண்டாமே. வயிற்றெரிச்சலோடு தள்ளி வைத்தேன்.

திட்டம் என்று நான் போட்டது வெறும் மூன்று கட்டம்தான்: சொல்ல வருவது, அதற்கு ஆதாரம், அது எங்கே கிடைக்கும். ரோமன் எண் போட்டு அழகாகப் பிரிக்கும் சட்டகம் எனக்கு ஒத்துவராது, ஆதாரமே இல்லாத வரியும் அதில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். இந்த மூன்று கட்டத்தில் ஓட்டை பளிச்சென்று தெரியும். "வாடகை ஏறியதால் மளிகைக் கடைகள் போயின" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதனால் தெருவில் இறங்கினேன். பேட்டி எடுப்பதென்றால் பேசுபவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்று பாடத்தில் விதி, படிவத்தை நீட்டினாலே சிலர் வரிக்காரர்களைப் பார்த்ததுபோல் விலகிப் போனார்கள். பழைய மளிகைக்கடை அங்கிள் ஒருவர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாடகை ஒரு பக்கம்தாம்மா. முன்ன மாடிக்கு மாடி குடும்பம் இருந்துச்சு. அவங்க போனப்புறம் அரைக் கிலோ பருப்பு வாங்க யாரு வருவா? டூரிஸ்டா வாங்குவான்?"

அந்த ஒரு பதிலில் என் வாதமே திரும்பிவிட்டது. வாடகை ஏறியது கடைக்கு மட்டுமா, மாடியில் குடியிருந்தவர்களுக்கும்தானே. மேலே இருந்தவர்கள் கிளம்பினால் கீழே தினசரி வியாபாரம் படுத்துவிடும். சேலைக் கடைக்கும் நகைக் கடைக்கும் அந்தக் கவலை குறைவு, பட்டர்வொர்த்திலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு என்று ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதனால் வேறு கடைகளிலும் கேட்டு, குடியிருந்தவர்கள் நகர மையத்தைவிட்டு வெளியேறியது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து, மூன்று கட்டத்தை மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன்.

எழுதத் தொடங்கியது நடுவிலிருந்து, அதாவது மளிகைக்கடைப் பகுதியிலிருந்து. யாரிடம் காட்டப்போகிறோம் என்ற பயமில்லாமல் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து கொட்டினேன், சீர்படுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் "இது என்ன சொல்கிறது" என்று ஒரே வரி எழுதினேன். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் சேர்த்துவிட்டேன், வரியே வராத பத்தியை அடித்தேன். யுனெஸ்கோவைப் பற்றி நான் பெருமையாக எழுதிய ஒரு முழுப்பக்கம் அப்படித்தான் போனது, பட்டியல் வந்ததே வாடகைக் கட்டுப்பாடு விலகி எட்டு வருடம் கழித்து, என் கேள்விக்கு அது இரண்டு வரிக்கு மேல் தாங்காது. முன்னுரையை எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதினேன், என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போதுதான் எனக்கே முழுசாகத் தெரிந்தது.

இன்னொன்று, மேற்கோள் பட்டியலைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். படிக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் குறிப்போடு சேர்த்து எழுதிவிட்டால் போதும், காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் கட்டுரையை ஏற்றும் நேரத்தில் நூலகத்துக்கு ஓட வேண்டியதில்லை.