மார்கரெட் ஆல்வா: வழக்கறிஞராகத் தொடங்கிய பயணம்

பெங்களூருவில் சட்டம் படிக்கும் நம் பெண்கள் மார்கரெட் ஆல்வாவின் பொதுவாழ்வை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். மங்களூரில் 1942-இல் பிறந்து, இங்கே மவுண்ட் கார்மல் கல்லூரியிலும் அரசு சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரான அவர், 1974-இல் மாநிலங்களவைக்குச் சென்று, 1998 வரை தொடர்ந்து நான்கு முறை உறுப்பினராக இருந்தார். (அவருடைய மாமியார் வயலட் ஆல்வாவும் வழக்கறிஞர்தான், 1962 முதல் அதே அவையின் துணைத் தலைவராக இருந்தவர்.)

பதவிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ராஜீவ் காந்தி ஆட்சியில் அவர் மகளிர் நலத்துறையைக் கவனித்துவந்த காலத்தில், 1988-இல் வெளிவந்த மகளிருக்கான தேசியத் திட்டம், ஊராட்சிகளில் 30 விழுக்காடு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது அது மூன்றில் ஒரு பங்காகவே உயர்ந்தது. பங்காருப்பேட்டைப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் என் சித்தி மகள் உறுப்பினராக எழுந்து நின்று, தெருக்குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததற்குச் செயலரிடம் விளக்கம் கேட்டதை நேரில் பார்த்தவள் என்பதால், இதை நன்றியோடு எழுதுகிறேன்.

1999-இல் கனரா தொகுதியில் வென்றார், 2004-இல் தோற்றார், 2009-இல் உத்தராகண்டின் முதல் பெண் ஆளுநரானார். 2022-இல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் வெற்றி வாய்ப்பு இல்லை என்று தெரிந்தும், எண்பது வயதில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று 182 வாக்குகள் பெற்றார்.