தரைக்குப் போன ஒளியைச் சுவருக்குத் திருப்பினேன்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் விளக்குகளை அறை அறையாக மாற்றி வருகிறேன். கூடம், சாமி அலமாரி, சமையலறை ஆகியவை முடிந்தன. படுக்கையறைகளும் குளியலறையும் பாக்கி. நான் கட்டடக் கலைஞன் அல்லன். அலுவலகத்தில் பார்ப்பது சரக்குக் கணக்கு. இரண்டாண்டுக்கு முன் வீட்டைப் புதுப்பித்த ஒப்பந்தக்காரர் கூடத்தின் நடுவில் வட்டத் தட்டு விளக்கு ஒன்றை மாட்டி, “நல்ல வெளிச்சம் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். வெளிச்சம் இருந்தது. ஆனால் மாலையில் அந்த அறையில் உட்கார யாருக்கும் பிடிக்கவில்லை. ஏன் என்று தேடத் தொடங்கியதுதான் பொழுதுபோக்காகிவிட்டது.

முதலில் வாட் கணக்கை மறக்க வேண்டியிருந்தது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் ஒளியை லூமனில் அளக்கிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 800 லூமன் தந்தது. அதே ஒளியை இன்றைய எல்இடி எட்டு, ஒன்பது வாட்டில் தருகிறது. குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. சிங்கப்பூரில் அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டும். ஹாலஜனும் இழை விளக்குதான், கொஞ்சம் தேவலாம். டியூப் லைட்டில் பாதரச ஆவி புறஊதாக் கதிரை வெளிவிட, குழாயின் உட்பூச்சு அதை வெண்ணொளியாக மாற்றுகிறது. பாதரசம் இருப்பதால்தான், பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தின் நாடுகள் 2027க்குள் டியூப் லைட் உற்பத்தியை நிறுத்த 2023இல் முடிவெடுத்தன. கழற்றிய டியூபைக் குப்பைக் குழாயில் தள்ளாமல் மின்கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோவதும் அதனால்தான்.

வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல விளக்கு. நீலச் சில்லின் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிர்பொடி அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது; இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்இடிக்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். பாஸ்பர் கலவை எப்படியோ, விளக்கின் குணமும் அப்படி. மலிவு விளக்கு எங்கே மிச்சம் பிடிக்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

பாலஸ்டியர் சாலையில் விளக்குக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் கடையில் நுழைந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வார்ம் வைட்டா, கூல் வைட்டா, டேலைட்டா? 3000, 4000, 6500 கெல்வின் என்ற நிறவெப்பநிலைகளின் கடைப் பெயர்கள் அவை. எண் ஏற ஏற ஒளி நீலத்தின் பக்கம் போகிறது. நம் ஊர் வெயிலுக்கு 6500 “குளுகுளுவென்று இருக்கும்” என்று பலரும் அதையே வாங்குகிறார்கள். எனக்கு அது இரவில் மருந்தகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. கூடத்துக்கு 3000, சமையலறைக்கு 4000 என்று முடிவெடுத்தேன். அம்மாவுக்கு இன்னும் சமாதானம் இல்லை. “மஞ்சளடிச்ச வெளிச்சத்தில் அரிசியில் கல் தெரியுமா?” என்கிறார்.

கடைக்காரர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதே அது. அட்டையில் சிஆர்ஐ அல்லது ஆர்ஏ என்று எழுதி, 80 அல்லது 90 என்று போட்டிருப்பார்கள். இழை பல்புக்கு இது கிட்டத்தட்ட 100. இந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. ஒன்பதாவதான அடர்சிவப்பு, அதாவது ஆர்9, கணக்கில் சேர்வதே இல்லை. ஆகவே 80 வாங்கிய விளக்கும் சிவப்பில் பூச்சியத்தை ஒட்டி நிற்கலாம்.

இதைச் சாமி அலமாரியில் பார்த்தேன். இரண்டு விளக்குகள், இரண்டும் 3000 கெல்வின், ஒன்று ஆர்ஏ 80, மற்றது 95. வெள்ளித் தட்டில் குங்குமத்தையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் விளக்கில் மஞ்சள் நன்றாகவே இருந்தது. குங்குமம் மட்டும் செங்கல் பொடிபோல் பழுப்படித்துக் கிடந்தது. இரண்டாவதைப் போட்டதும் அதே குங்குமம் உள்ளிருந்து சிவந்தது. மனைவி அரக்குப் பட்டுச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அதன் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, இதையே நம் அலமாரிக் கண்ணாடிக்கும் போட்டுவிடுங்கள்” என்றாள். விலை ஏறக்குறைய இருமடங்கு. அப்படியும், சோறும் முகமும் துணியும் பார்க்கிற இடத்தில் 90க்குக் கீழே வாங்குவது வீண் சிக்கனம் என்பேன். படிக்கட்டுக்கும் சாமான் அறைக்கும் 80 போதும்.

கூடம்தான் அதிகம் வேலை வாங்கியது. வீவக வீட்டின் கூரை கான்கிரீட் பலகை. அதற்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் என்ற பொய்க்கூரை போடாமல், கீழ்நோக்கி ஒளிவிடும் டவுன்லைட்டைப் பதிக்க முடியாது. உயரமோ 2.6 மீட்டர்தான், அதில் கொஞ்சம் இழக்க மனமில்லை. போதாக்குறைக்கு நடுவில் மின்விசிறி. விசிறி இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால், இறக்கை சுற்றச் சுற்ற நிழல் படபடவென்று சுவரில் அடிக்கும். பலர் இதை விளக்குக் கோளாறு என்று நினைத்து விளக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். விளக்கை இறக்கை வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனால் தொல்லை தீர்ந்தது.

உரிமம் பெற்ற மின்பணியாளர் அண்ணன் ஒருவர் வந்து, நீளச் சுவரிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளிக் கூரையின் மேற்பரப்பில் டிராக் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். மூன்று விளக்குகளை மாட்டி, வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளும் தண்டு அது. சிங்கப்பூரில் நிலையான வயரிங்கை உரிமம் உள்ளவர்தான் தொட வேண்டும். பல்பு மாற்றுவதோடு நம் வேலை முடிந்தது. “ஏன் தம்பி இவ்வளவு தள்ளி? சுவரை ஒட்டிப் போட்டால் அழகாக இருக்குமே” என்றார். ஏணியில் நின்றபடி ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். பூச்சுக்காரரின் கரணை ஓடிய ஒவ்வொரு மேடும் பள்ளமும் அலை அலையாக எழுந்து நின்றது. சாய்ந்து வரும் ஒளி சொரசொரப்பைக் காட்டிக்கொடுக்கும். கருங்கல் சுவருக்கு அது அழகு, எங்கள் சிமெண்டுப் பூச்சுக்கு அவமானம். தள்ளி வைத்தால் சுவர் முழுவதும் ஒரே சீராக நனைகிறது.

மூன்று விளக்குகளையும் சுவர் பக்கம் திருப்பியபோது அறை பெரிதாகிவிட்டது. மொத்த லூமன் பழைய தட்டு விளக்கைவிடக் குறைவு. காரணம் எளிது. காற்றில் போகும் ஒளியை நாம் பார்ப்பதில்லை. எதன்மேலாவது பட்டுத் திரும்பியதைத்தான் பார்க்கிறோம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழுவதில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. எங்கள் கருமரத் தரை பெரும்பாலானதை விழுங்கிவிடுகிறது. உட்கார்ந்திருப்பவனின் கண் முன்னே நிற்பதும் சுவர்தான். இவ்வளவு நாளும் தரைக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அமெரிக்க ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1952இலேயே ஒளியை மூன்றாகப் பிரித்தார்: எங்கும் பரவிய பொது ஒளி, ஓரிடத்தை எடுத்துக் காட்டும் குவியொளி, கண்ணுக்கு விருந்தாகும் மினுக்கொளி. நியூயார்க்கின் சீக்ரம் கட்டடத்தில் அவர் கை இருக்கிறது. பழைய கற்கோயிலின் இருண்ட பிராகாரத்தைத் தாண்டிக் கருவறைத் தீபத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது வகையை விளக்கவே வேண்டாம். தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை முழுக்க மூன்றாவது வகை. எங்கள் வீட்டில் முதல் வகை மட்டும்தான் இருந்தது, அதுவும் மட்டமாக.

குவியொளிக்கு முதல் உரிமை அம்மாவின் நாற்காலிக்கு. அவர் ‘தமிழ் முரசு’ படிக்கும்போது தாளைத் தூக்கித் தூக்கிப் பிடிப்பார். அறுபதைத் தாண்டிய கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குப் போகிற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. கூரை விளக்கைப் பெரிதாக்குவது இதற்கு மருந்தாகாது. தொலைவு இருமடங்கானால் ஒளி கால்பங்காகிவிடும். ஒரு திசையில் விளக்கு வீசும் ஒளியின் வலிமை கேண்டெலா, தாளில் வந்து விழும் ஒளியின் அளவு லக்ஸ். 1200 கேண்டெலா விளக்கு இரண்டு மீட்டரில் 300 லக்ஸ் தரும். அதையே ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் 1200. நாற்காலியின் இடத்தோள் பக்கம் சிறிய நிற்கும் விளக்கு ஒன்றை வைத்தேன். தாள் இப்போது மடியிலேயே இருக்கிறது.

சமையலறை சுருக்கமாக: மேல் அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டை, அலுமினியக் காடியில், பால்நிற மூடியோடு. நம் முதுகே மறைத்து வெட்டுபலகையில் நிழல் விழுவது நின்றது. 12 வோல்ட்டை விட 24 வோல்ட் பட்டை நல்லது. ஐந்து மீட்டருக்கு 50 வாட் என்றால் 12இல் நாலு ஆம்பியருக்கு மேல் ஓடும், 24இல் பாதி. ஓட்டம் குறைந்தால் வழியில் இழப்பும் குறையும், கடைசி முனை மங்காது. வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் டிரைவரை அடுப்புக்கு மேலே ஒளித்து வைக்காதீர்கள். எல்இடி செத்தது என்று நாம் தூக்கி எறிவதில் பல, உள்ளே டிரைவரின் மின்தேக்கி வெப்பத்தில் செத்தவை.

அடுத்தது படுக்கையறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். சுவரில் இருப்பது குண்டு பல்புக் காலத்து டிம்மர். நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும் என்று எதிர்பார்ப்பது. ஒன்பது வாட் எல்இடியை மாட்டினால் முனகுகிறது, கீழே இறக்கினால் துடிக்கிறது. மின்னலையின் பின்பகுதியை வெட்டி மங்கலாக்கும் டிரெய்லிங் எட்ஜ் வகை வேண்டும் என்று தெரிகிறது. வாங்கும் முன் கடையிலேயே விளக்கை மங்கலாக்கச் சொல்லிக் கைப்பேசியின் ஸ்லோமோஷனில் பார்ப்பேன். துடிப்பு இருந்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். நல்ல டிரைவர் உள்ளது அசையாமல் நிற்கும். அண்ணன் வரும் சனிக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார். குளியலறைக் கண்ணாடியின் இருபுறமும் நீர் புகாத விளக்குக்கு வயர் இழுக்கும் வேலையையும் அன்றே சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.