அரிக்கேன் கண்ணாடி உடைந்த வாரம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு நடுவில் எங்கள் ஊர். 1971இல் எனக்கு ஒன்பது வயது. ஊருக்குள் கம்பம் நட்டு, கம்பியும் இழுத்துவிட்டார்கள். ஆனால் கரண்ட் கொடுத்தது கிணற்று மோட்டார்களுக்குத்தான். எங்கள் வீட்டுக்கு வர இன்னும் எட்டு வருடம் ஆனது. அதுவரை வீட்டுக்கு ஒரு அரிக்கேன் விளக்கு, அடுப்படிக்கு ஒரு தகர விளக்கு. கல்யாண வீடு என்றால் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு வரும். அந்த இரைச்சலைக் கேட்டே தெருப்பிள்ளைகள் கூடிவிடுவோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரிக்கேன் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. அம்மாவின் கை அதற்குள் போகாது, என் கை போகும். சலித்த அடுப்புச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு, உள்ளே விட்டுச் சுற்றுவேன். பிறகு திரி. கருகிய நுனியை நேராகக் கத்தரித்து, இரண்டு மூலைகளையும் இம்மியளவு கிள்ளிவிட வேண்டும். மூலையை விட்டுவிட்டால் சுடரில் கொம்பு முளைக்கும். கால் மணி நேரத்தில் கண்ணாடியின் ஒரு பக்கம் முழுக்கக் கரி ஏறிவிடும்.

ஒரு திங்கட்கிழமை, கரி போகவில்லையே என்று கண்ணாடியைத் தண்ணீரில் கழுவி, ஈரம் காயும் முன்பே மாட்டிவிட்டேன். ஐயா விளக்கைப் பொருத்தித் திரியை ஏற்றினார். டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை பிளந்து, ஒரு சில்லு அவர் காலடியில் விழுந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை ஐயா டவுனுக்குப் போனால்தான் புதுக் கண்ணாடி.

ஆச்சி பேசாமல் எழுந்து போய், பரண் மேலிருந்து ஒரு மண் அகலை எடுத்து வந்தாள். கூடவே விளக்கெண்ணெய்ப் போத்தல். எங்கள் காட்டு ஓரத்தில் விளைந்த ஆமணக்கு அது. முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை அகப்பையால் அள்ளி அவளே காய்ச்சிய எண்ணெய். அதற்கு ஏன் விளக்கெண்ணெய் என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை அது பேதிக்குக் குடிக்கும் கசப்பு மருந்து மட்டும்தான். மச்சிலிருந்த பருத்தியில் ஒரு பிடி எடுத்து, கொட்டையை நீக்கி, தொடையில் வைத்துத் திரி திரித்தாள். அவள் சுண்டுவிரல் பருமன் இருந்தது.

"எதற்கு ஆச்சி இவ்வளவு தடி?"

"இந்த எண்ணெய் லேசில் ஏறாது தாயி. நாம்தான் இடம் கொடுக்க வேண்டும்."

மண்ணெண்ணெய் நீர்மாதிரி ஓடும். திரியைப் பிடித்துக்கொண்டு தானாக மேலே ஏறிவிடும். அதனால்தான் அரிக்கேனில் எண்ணெய் அடியில் கிடக்க, சுடர் உயரத்தில் நிற்க முடிகிறது. விளக்கெண்ணெய் கெட்டி. சுடர் எண்ணெயின் விளிம்பிலேயே இருந்தாக வேண்டும். அகல் அவ்வளவு ஆழமில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அகலை அவள் சுவரில் இருந்த மாடக்குழிக்குள் வைத்தாள். சீப்பும் ஊக்கும் வைக்க என்றே அதை நான் நினைத்திருந்தேன். திரிகைக்கு நேர் மேலே அந்தக் குழி. வீட்டைக் கட்டியவர்கள், இருட்டோடு எழுந்து மாவு திரிக்கும் பெண்ணின் கைக்கு வெளிச்சம் விழும்படி இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

அரிக்கேனாக இருந்தால் வெளிச்சம் எங்களைத் தேடி வரும். தொழுவத்துக்கு ஐயா கொண்டுபோவார், அடுப்படிக்கு அம்மா கொண்டுபோவாள், மிச்ச நேரம் என் புத்தகத்துக்கு. அகல் நகராது. அந்த ஐந்து ராத்திரியும் நாங்கள்தான் அதைத் தேடிப் போனோம். ஐயா திரிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தார், நான் திரிகை மேல் நோட்டை வைத்து வாய்ப்பாடு எழுதினேன். எழுத்து சரியாகத் தெரியாது, கண் எரியும். அந்தக் கால விளக்கு வெளிச்சம் இதமானது என்று சொல்கிறவர்களிடம் இதையும் நான் சொல்லிவிடுவது உண்டு. தகர விளக்குப் பக்கம் படுத்து எழுந்தால் மூக்கைச் சிந்தும்போது கறுப்பாக வரும். அம்மாவுக்கு இருமல் நிற்காமல் போனதற்கு அந்தப் புகையும் சேர்ந்துதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் ஆச்சி ஒருநாளும் அகலை வாயால் ஊதவில்லை. "அணை" என்ற சொல்லைக்கூடச் சொல்ல விடமாட்டாள். "விளக்கைக் குளிர வை" என்பாள். பூக்காம்பால் திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்துவிடுவாள்.

சனிக்கிழமை இரவு ஐயா வந்தார். வைக்கோல் சுற்றிய கண்ணாடியை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். அதை நான் மூன்று முறை உலர்ந்த துணியால் துடைத்தேன். மறுநாள் காலையில் ஆச்சி அகலில் மிஞ்சிய எண்ணெயைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கப்பிக்கு விட்டாள். இரண்டு நாளைக்கு அது கிறீச்சிடவே இல்லை.